உரும்பிராய்க் கிணற்று நீரும் ஆர்.ஓ. இயந்திரமும்: 18 மாதப் பாவனையின் பின்

எங்கள் குசினிச் சுவரில், நீரை அழுத்தி நுண்ணிய மென்சவ்வு ஒன்றின் ஊடாகத் தள்ளிச் சுத்திகரிக்கும் ஆர்.ஓ. இயந்திரம் பூட்டி இந்த மாதத்தோடு 18 மாதங்கள் ஆகின்றன. யாழ்ப்பாண நகரத்துக் கடையொன்றில் 68,000 ரூபாவுக்கு வாங்கினோம். வாங்குவதற்கு முன்னர் அக்கம்பக்கத்தில் விசாரித்தபோது ‘கட்டாயம் வாங்குங்கோ’ என்றவர்களும் இருந்தார்கள், ‘காசுக்குப் பிடிச்ச கேடு’ என்றவர்களும் இருந்தார்கள். ஆனால் எங்கள் கிணற்று நீரில் கரைந்திருப்பவை எவை, அவற்றில் எதை இந்த இயந்திரம் எடுக்கும், எடுக்க வேண்டிய தேவை எங்களுக்கு உண்டா என்று கேட்டவர் ஒருவரும் இல்லை. அந்தக் கேள்விகளை நாங்களும் பிந்தித்தான் கேட்டோம். இயந்திரத்தின் பெயரை எழுதாமல் விடுகிறேன். கடைகளில் பல பெயர்களில் தொங்குபவற்றைத் திறந்து பார்த்தால் உள்ளே இருப்பவை பெரும்பாலும் ஒரே வகை வடிகட்டிக் கூடுகளும் ஒரே வகை மென்சவ்வும்தான். ஆகவே அது எந்த நீருக்குப் பூட்டப்பட்டது என்பதே வாசிப்பவருக்குக் கூடுதலாகப் பயன்படும்.

எங்களுடையது செம்மண்ணுக்கு அடியில் கிடக்கும் சுண்ணாம்புக்கல்லின் நீர். யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றுமில்லை. வழுக்கையாறுகூட மாரியில் மட்டும் ஓடுவது. ஐப்பசி தொடங்கி மார்கழி வரை பெய்யும் மழை மண்ணுக்குள் இறங்கும்போது, வேர்களும் நுண்ணுயிர்களும் மண்ணில் வெளிவிட்ட காபனீரொட்சைட்டைக் கரைத்துக்கொண்டு மெல்லிய அமிலமாகிறது. அந்த அமிலம் கல்லைத் தொட்டவுடன் கல்சியம் காபனேற்று கல்சியம் இருகாபனேற்றாக மாறி நீரோடு சேர்ந்துவிடுகிறது. கண்ணாடிக் குவளையில் ஏந்திப் பார்த்தால் பளிங்குபோல இருக்கும் எங்கள் கிணற்று நீரின் ஒவ்வொரு லீற்றரிலும் அரைக் கிராம் அளவுக்குப் பொருட்கள் கரைந்திருக்கின்றன. அடுப்பில் ஏற்றினால்தான் அவற்றில் ஒரு பகுதி கண்ணுக்குத் தெரியும்.

எங்கள் கேத்திலின் உட்புறத்தை ஒருமுறை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். அடியில் முட்டைக்கோதின் தடிப்பில் வெண்மையும் லேசான மஞ்சளும் கலந்த ஒரு படை. விளிம்பில் அது சிறு சிறு செதில்களாகக் கிளம்பி நின்றது. கொதிக்கும்போது காபனீரொட்சைட்டு வெளியேறிவிடுவதால், இருகாபனேற்றாகக் கரைந்திருந்த சுண்ணாம்பு திரும்பவும் கல்லாகிப் படிகிறது. அரைத் தேசிக்காயைப் பிழிந்துவிட்டபோது அந்தப் படை சீறிக்கொண்டு நுரைத்தது. கல்லுக்குள் திரும்பப் போயிருந்த அதே வாயு குமிழிகளாக வெளியே வந்தது. சவர்க்காரம் நுரைக்காமல் வாளி விளிம்பில் சாம்பல் நிற அழுக்காகத் திரள்வதும், தேத்தண்ணியின் மேல் எண்ணெய்போல ஓர் ஆடை படர்வதும், சில நேரம் பருப்பு எவ்வளவு அவித்தாலும் மசியாமல் நிற்பதும் இந்தக் கல்சியத்தாலும் மக்னீசியத்தாலும்தான். வெள்ளைப் படையைப் பார்த்துப் பயந்து இயந்திரம் வாங்குகிறவர்களே எங்கள் பக்கத்தில் அதிகம். நாங்களும் முதலில் அதைத்தான் யோசித்தோம். ஆனால் பயப்பட வேண்டியது அதற்கல்ல. இப்படிக் கல்சியமும் மக்னீசியமும் கூடிய கடின நீர் குடிப்பதால் மட்டும் சிறுநீரகத்தில் கல் உண்டாகிறது என்று திட்டமாக நிறுவப்படவில்லை. போதிய அளவு தண்ணீர் குடிக்காமல் வெயிலில் வேலை செய்வது அதைவிடத் தெளிவாக அறியப்பட்ட காரணம். கல்சியமும் மக்னீசியமும் உடலுக்கு வேண்டியவை.

நாங்கள் இயந்திரம் வாங்குவதற்குச் சில மாதங்களுக்கு முன்னர், வேறொரு நிறுவனத்திலிருந்து கழுத்துப் பட்டி கட்டிய தம்பி ஒருவர் பெரிய பையோடு வீட்டுக்கு வந்தார். மேசையில் இரண்டு குவளைகளை வைத்து, ஒன்றில் எங்கள் கிணற்று நீரையும் மற்றதில் தான் கொண்டுவந்த சுத்திகரித்த நீரையும் ஊற்றினார். நான்கு உலோகக் கம்பிகள் நீட்டிக்கொண்டிருந்த சிறிய கருவியை அந்த இரண்டு குவளைகளுக்கும் மேலாக வைத்து மின்சாரத்தைப் போட்டார். அரை நிமிடத்துக்குள் எங்கள் நீர் முதலில் பச்சை கலந்த மஞ்சளாகவும், பிறகு காவியாகவும், கடைசியில் சேறு கலக்கியதுபோல் கறுப்பாகவும் மாறி, மேலே அழுக்கு நுரை மிதந்தது. மற்றக் குவளை அப்படியே தெளிவாக நின்றது. “அம்மா, இதைத்தான் இவ்வளவு நாளும் குடிச்சுக்கொண்டு இருந்தனீங்கள்” என்றார் அவர். 81 வயதான என் அம்மா அன்று இரவு தண்ணீரே குடிக்க மறுத்துவிட்டார்.

அந்தக் காட்சியில் நிறம் மாறியது நீரில் இருந்த அழுக்கால் அல்ல. ஒவ்வொரு குவளைக்குள்ளும் இறங்கும் கம்பிகளில் ஒன்று இரும்பு. நீரில் உப்புக்கள் கரைந்திருந்தால் அது மின்னைக் கடத்தும். மின் பாய்ந்தால் இரும்புக் கம்பி கரைந்து இரும்பு ஐதரொட்சைட்டாகத் திரளும். அதன் நிறந்தான் அந்தப் பச்சையும் காவியும். சுத்திகரித்த நீரில் உப்பு மிகக் குறைவாக இருப்பதால் மின் பாயாது, கம்பியும் கரையாது. இது சாதாரணமான மின்பகுப்பு. பிறகொரு நாள் மூன்று ஒழுங்கை தள்ளி இருக்கும் அக்கா வீட்டில் அதே தம்பி அதே கருவியை வைத்தபோது நான் அங்கே இருந்தேன். அவருடைய தெளிந்த குவளைக்குள் ஒரு நுள்ளு கறியுப்பைப் போட்டுக் கலக்கி, இப்போது மின்சாரத்தைப் போடும்படி கேட்டேன். அதுவும் கிணற்று நீரைப் போலவே காவியாகிக் கறுத்தது. அவர் ஒன்றும் பேசாமல் கம்பிகளைத் துணியால் துடைத்துப் பைக்குள் வைத்தார். அவரைக் கோபிக்க எனக்கு மனம் வரவில்லை. அவருக்கு அப்படித்தான் பழக்கி அனுப்பியிருப்பார்கள். ஆனால் வயதானவர்களையும் குழந்தை உள்ள வீட்டாரையும் பயப்படுத்திப் பணம் வாங்கும் இந்த வேலை பிழை என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. வீட்டுக்கு வருகிறவர் இந்தக் கம்பிகளை எடுத்தால், உப்புப் போத்தலை எடுத்து மேசையில் வையுங்கள்.

அவர் காட்டிய இன்னொரு பொருள் பேனா வடிவிலான டி.டி.எஸ். மானி. இதை 1,200 ரூபாவுக்கு நாங்களும் வாங்கி வைத்திருக்கிறோம். அதனால் இதைப் பற்றியும் சொல்ல வேண்டும். கரைந்துள்ள திண்மங்கள் மொத்தமாக எவ்வளவு என்று இது ஒரு எண்ணைக் காட்டுகிறது. உண்மையில் இது எதையும் நிறுப்பதில்லை. நீரின் மின்கடத்துதிறனை அளந்து, அதை ஒரு மாறிலியால் பெருக்கி, லீற்றருக்கு இத்தனை மில்லிகிராம் என்று மதிப்பிட்டுக் காட்டுகிறது. எங்கள் கிணற்று நீருக்கு அது 540 காட்டியது. இலங்கையின் குடிநீர்த் தரமான எஸ்.எல்.எஸ். 614 இந்த மொத்த அளவுக்கு 500 மில்லிகிராம் என்ற எல்லையை வைக்கிறது. 600க்கு உட்பட்ட நீர் பொதுவாகக் குடிக்க நல்ல சுவையுடையது என்றும் 1,000க்கு மேலே போகப் போகச் சுவை கெடும் என்றும் உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஆகவே 540 என்பது அலறிப் புடைக்க வேண்டிய எண் அல்ல. அதைவிட முக்கியமான குறை ஒன்று இந்த மானிக்கு உண்டு. சுண்ணாம்பையும், கடலுப்பையும், உரத்தின் எச்சத்தையும் அது ஒன்றாகவே எண்ணுகிறது. எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்லாது. மின்னைக் கடத்தாத எண்ணெயையோ பூச்சிகொல்லியையோ கிருமியையோ அது காணவே காணாது. சுன்னாகம் பகுதிக் கிணறுகளில் கழிவு எண்ணெய் கலந்த காலத்தில் இந்த மானியை அந்த நீருக்குள் விட்டிருந்தால் அது வழக்கமான எண்ணைத்தான் காட்டியிருக்கும்.

எங்களை ஆய்வுகூடத்துக்குப் போக வைத்தது மகளின் குழந்தை. தாய்ப்பால் போதவில்லை, பால்மாவும் சேர்த்துக் கொடுங்கள் என்று வைத்தியர் சொல்லியிருந்தார். நீரைப் பரிசோதித்தீர்களா என்று குடும்பநல உத்தியோகத்தர் கேட்ட ஒரு கேள்வியில்தான் நான் விழித்துக்கொண்டேன். எங்கள் வளவின் தெற்கு வேலிக்கு அப்பால் வெங்காயமும் உருளைக்கிழங்கும் மாறி மாறிச் செய்யும் தோட்டம் இருக்கிறது. பக்கத்து வளவின் மலசலகூடக் குழி, வழக்கமாகச் சொல்லப்படும் 50 அடிக்குச் சற்று வெளியேதான் இருக்கிறது. ஆனால் வெடிப்பும் பொந்துமான சுண்ணாம்புக்கல்லுக்குள் நீர் நடக்கும் வழியை அடிக்கணக்கில் மட்டும் நம்பிவிட முடியாது. தோட்டத்துக்குப் போடும் யூரியாவையும் குழியிலிருந்து கசியும் கழிவையும் மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் நைத்திரேற்றாக மாற்றுகின்றன. பயிர் எடுத்தது போக மிஞ்சியதை மண் பிடித்து வைப்பதில்லை. நீர் எங்கே இறங்குகிறதோ அங்கே அதுவும் கூடவே இறங்கிவிடும்.

முடிவுத் தாள் வந்தபோது அதில் கடினத்தன்மை லீற்றருக்கு 340 மில்லிகிராம் என்று இருந்தது, எல்லை 250. குளோரைட்டு 118, எல்லை 250. புளோரைட்டு 0.4, எல்லை 1. நைத்திரேற்று 71; எல்லை 50. இந்தக் கடைசி எண்ணைத்தான் நான் இரண்டு முறை வாசித்தேன். கிணறு தோண்டிய காலத்திலிருந்து நாங்கள் ருசித்துக் குடித்த நீர் அது. நைத்திரேற்றுக்குச் சுவை இல்லை, மணம் இல்லை, நிறம் இல்லை. கேத்திலில் படியவும் மாட்டாது. வளர்ந்தவர்களின் உடல் இந்த அளவைப் பெரும்பாலும் சமாளித்துக்கொள்ளும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட, போத்தலில் பால் குடிக்கும் குழந்தையின் விடயம் வேறு. நைத்திரேற்று உடலுக்குள் நைத்திரைற்றாக மாறி, குருதியிலுள்ள ஈமோகுளோபினின் இரும்பை மாற்றிவிடுகிறது; மாறிய ஈமோகுளோபினால் ஒட்சிசனைச் சுமக்க முடியாது; குழந்தையின் உதடும் விரல்நுனியும் நீலம் பாய்கின்றன. 1945ஆம் ஆண்டில் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ஹன்ரர் கொம்லி என்ற வைத்தியர் இந்த நோயைக் கிணற்று நீரோடு தொடர்புபடுத்தி எழுதினார். அவர் பார்த்தவையும் தோட்டக்காணிகளின் கிணறுகள்தான்.

இந்த இடத்தில் எங்கள் ஊர்ப் பழக்கம் ஒன்று குறுக்கே நிற்கிறது. குழந்தைக்கு என்றால் கொதித்தாறிய தண்ணீர் என்பது எங்கள் எல்லோருக்கும் கையில் ஊறிய பழக்கம். கிருமிகளைப் பொறுத்தவரை அது மிகச் சரியான பழக்கம். அதை விடும்படி நான் ஒருவருக்கும் சொல்லமாட்டேன். ஆனால் கொதிக்க வைத்தால் நைத்திரேற்று போகாது. நீர் ஆவியாகக் குறையக் குறைய, மிஞ்சிய நீரில் அதன் செறிவு கூடும். 71 மில்லிகிராம் உள்ள நீரில் ஐந்தில் ஒரு பங்கு வற்றினால் மிஞ்சுவதில் ஏறத்தாழ 89 இருக்கும். இதை வீட்டிலேயே செய்து பார்த்தேன். நீரை நன்றாகக் கொதிக்க விட்டு, ஆறித் தெளிந்த பின் மானியை விட்டபோது 540 என்ற எண் 410ஆக இறங்கிவிட்டது, ஏனென்றால் சுண்ணாம்பு படிந்துவிட்டது. அதே நீருக்குள் நைத்திரேற்றுச் சோதனைத் தாளைத் தோய்த்து ஒரு நிமிடம் கழித்துப் பார்த்தபோது, தாளின் நுனியிலிருந்த சதுரம் கிணற்று நீரில் காட்டியதைவிடக் கடும் இளஞ்சிவப்பாக இருந்தது. மானியின் எண்ணை மட்டும் நம்பியிருந்தால், கெட்டதை நல்லதென்று எண்ணிக் குழந்தையின் போத்தலில் ஊற்றியிருப்போம்.

இதற்குப் பிறகுதான் இயந்திரம் வாங்கத் தீர்மானித்தோம். எங்களுடையது ஏழு கட்டங்கள் கொண்டது என்று பெட்டியில் அச்சிட்டிருக்கிறது. உண்மையான வேலையைச் செய்வது நான்காவது கட்டமான மென்சவ்வு. அதற்கு முன்னால் உள்ள நூல் வடிகட்டி மண்ணையும் துருவையும் பிடிக்கிறது. அடுத்த இரண்டு கரி வடிகட்டிகள் மணத்தையும், குழாய்நீராக இருந்தால் குளோரினையும் பிடிக்கின்றன, ஏனெனில் குளோரின் மென்சவ்வை அரித்துவிடும். சிறிய பம்பி ஒன்று நீரை அழுத்தி மென்சவ்வின் ஊடாகத் தள்ள, நீர் மட்டும் கசிந்து ஒரு பக்கம் போகிறது. உப்புக்கள் செறிந்த மிச்ச நீர் மறுபக்கத்துக் குழாயால் வெளியேறுகிறது. மென்சவ்வைத் தாண்டியபின் இன்னொரு கரிக் கூடு, ‘தாதுக்கள் சேர்க்கும்’ கூடு, புற ஊதாக் கதிர் விளக்கு என்று மூன்று. நீர் ஒரு சிறிய தாங்கியில் சேர்ந்து, வேண்டும்போது வருகிறது.

பூட்டிய அடுத்த வாரம் இயந்திர நீரையும் அதே ஆய்வுகூடத்துக்குக் கொடுத்தேன். மானி 540க்குப் பதிலாக 32 காட்டியது. நைத்திரேற்று 71இலிருந்து 11ஆக இறங்கியிருந்தது. இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள்: மொத்த உப்பில் 94 வீதம் போயிருக்கிறது, நைத்திரேற்றில் 85 வீதத்துக்குக் கிட்டத்தான் போயிருக்கிறது. கல்சியம், சல்பேற்று போன்றவற்றை மென்சவ்வு நன்றாக மறிக்கும். நைத்திரேற்றை அவ்வளவு இறுக்கமாக மறிக்காது. 11 என்பது எல்லைக்கு மிகவும் கீழே என்பதால் எனக்கு அது போதும். ஆனால் கிணற்றில் 300 உள்ள ஒருவர் இதே இயந்திரத்தைப் பூட்டிவிட்டு, மானி அழகான எண்ணைக் காட்டுகிறதென்று நிம்மதியாக இருக்கக்கூடாது. இயந்திரத்தின் வேலையைப் பரிசோதிக்க வேண்டியது நைத்திரேற்றை அளந்துதான். நான் வாங்கிய கடையில் இதைச் சொன்னவர் இல்லை. அங்கே பேசப்பட்டதெல்லாம் சிறுநீரக நோய். அனுராதபுரம், பதவியா, வவுனியாப் பக்கங்களில் பரவிய சிறுநீரக நோயின் காரணம் பற்றி அறிவியலாளர்கள் இன்னும் ஒரே முடிவுக்கு வரவில்லை. அங்கே புளோரைட்டு கூடிய நீருக்காகப் பரவிய இயந்திரங்களின் பேச்சை அப்படியே தூக்கி வந்து, புளோரைட்டு 0.4 உள்ள எங்கள் கிணற்றுக்குப் பொருத்துவது நியாயமில்லை.

சுவையைப் பற்றி வீட்டில் இரண்டு கட்சி. அம்மா முதல் நாள் குடித்துவிட்டு, “இதென்ன பிள்ளை, மழைத்தண்ணி மாதிரிச் சப்பெண்டு கிடக்கு” என்றார். அவர் சொன்னது சரி. கரைந்த உப்புக்களே நீரின் சுவை. காபனீரொட்சைட்டு மென்சவ்வைத் தாண்டிவிடுவதாலும் அதை ஈடுகட்டும் இருகாபனேற்று பின்தங்கிவிடுவதாலும் இந்த நீர் சற்று அமிலத் தன்மையோடு வருகிறது. தாதுக் கூடு அதை ஓரளவுக்குத் திருத்துகிறது, ஆனால் கிணற்று நீரின் சுவை அதில் திரும்பி வரவில்லை. தேத்தண்ணிக்கோ இந்த நீரைப் போல ஒன்றில்லை. கிணற்று நீரில் மங்கிய கறுப்பாக நிற்கும் சாயம், இதில் மூன்று நிமிடத்துக்குள் செம்பொன் நிறமாக, ஆடை படராமல், குவளையின் அடி தெரியுமளவுக்குத் தெளிந்து நிற்கிறது. பருப்பும் கடலையும் விறகிலும் நேரத்திலும் மிச்சம் பிடித்துத் தருகின்றன. சோற்றுக்கு நான் இந்த நீரை வைப்பதில்லை.

இனி இதன் பெரிய குறை. வெளியேறும் கழிவு நீரை ஒரு நாள் வாளியில் பிடித்து அளந்தேன்: 4 லீற்றர் குடிநீர் சேர்ந்தபோது வாளியில் 10 லீற்றர் நிறைந்தது. அதாவது ஒரு லீற்றர் குடிக்க இரண்டரை லீற்றரை வெளியே விடுகிறோம். அந்த நீருக்கு மானி 740 காட்டியது. நஞ்சொன்றுமில்லை, எங்கள் கிணற்று உப்பே செறிந்து வருகிறது. பூட்ட வந்தவர் அந்தக் குழாயைக் கழிவுநீர்க் குழிக்குள் விட்டுவிட்டுப் போனார். இரண்டு நாளில் மருமகன் அதைக் கழற்றி நீளக் குழாய் போட்டு ஒரு பீப்பாவுக்குள் விழ விட்டார். இப்போது அது மலசலகூடத்துக்கும், முற்றம் கழுவவும், மிஞ்சினால் தென்னையடிக்கும் போகிறது. கத்தரி, மிளகாய்க் கன்றுகளுக்கு அதை ஊற்றுவதில்லை.

இதை நான் பெரிதாகச் சொல்வதற்கு எங்கள் நிலத்தின் அமைப்பே காரணம். குடாநாட்டின் நன்னீர், கல்லின் வெடிப்புக்களில் ஊறிக் கிடக்கும் கடல்நீரின் மேல் ஒரு வில்லைபோல மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே ஓர் அடி நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடி ஆழம்வரை நன்னீர் இருக்கும். மேலே ஓர் அடி இறங்கினால் கீழே உவர் 40 அடி மேலெழும்ப வழி பிறக்கும். நிலாவரைக் கிணற்றில் மேல்நீர் நன்னீராகவும் ஆழம் போகப் போக உவராகவும் இருப்பதை நாங்கள் பள்ளிக்காலத்திலிருந்து கேட்டு வந்திருக்கிறோம். துலாவால் இறைத்த காலத்தில் கிணற்றுக்கு ஊற நேரம் இருந்தது. இன்று மோட்டரை முடுக்கிவிட்டால் நாங்கள் மறந்துபோகும் வரை அது இறைத்துக்கொண்டே இருக்கும். எங்கள் வீட்டில் நாளொன்றுக்கு 20 லீற்றர் குடிநீருக்காக 50 லீற்றர் கழிவாகிறது. தோட்டத்துக்கு இறைப்பதோடு ஒப்பிட்டால் இது சிறு துளிதான். ஆனாலும் ஒழுங்கையில் உள்ள ஒவ்வொரு வீடும் தேவையில்லாமல் ஓர் இயந்திரத்தைப் பூட்டி, கழிவைக் குழிக்குள் விடுவதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

சேவை பற்றியும் சொல்ல வேண்டும். மென்சவ்வு மூன்று ஆண்டுகள் உழைக்கும் என்று கடையில் சொன்னார்கள். 14ஆம் மாதத்திலேயே குடிநீர் நூல்போல ஒழுகத் தொடங்கியது. கழற்றியபோது சுருளின் விளிம்பில், கேத்திலில் கண்ட அதே வெண்படை. எங்கள் கடினத்தன்மைக்கு மூன்று ஆண்டுகள் என்பது நடக்காத கதை என்று முதலே சொல்லியிருக்கலாம்; நீரைப் பற்றி ஒரு வார்த்தைகூடக் கேட்காமல் விற்றது அவர்களுடைய பிழை. உத்தரவாதத்துக்குள் மென்சவ்வு வராது என்ற வரி, அட்டையின் பின்பக்கத்தில் மிகச் சிறிய எழுத்தில் இருந்தது. புதியதற்கு 7,500 ரூபா கொடுத்தோம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்றும் கூடுகளுக்கு இதுவரை இரண்டு தடவையும் 4,500 வீதம் 9,000 ரூபா. எல்லாவற்றையும் கூட்டி, குடித்த நீரால் பிரித்தால் லீற்றருக்கு 8 ரூபாவுக்குச் சற்றுக் குறைவாக வருகிறது. மின்சாரச் செலவு இதில் சேரவில்லை. ஒரு விடயத்தில் கடைக்காரரைப் பாராட்ட வேண்டும்: கூப்பிட்டால் இரண்டு நாளுக்குள் ஆள் வருகிறது, வந்தவர் சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டுப் பொறுமையாக வேலை செய்கிறார். வாங்கப் போகிறவர்கள் 10 அங்குலப் பொது அளவுக் கூடுகள் பூட்டிய இயந்திரத்தையே கேட்டு வாங்குங்கள். அந்தக் கூடுகள் எந்தக் கடையிலும் கிடைக்கும். அந்தந்த நிறுவனத்துக்கே உரிய வடிவில் செய்த கூடுகள் என்றால், அந்த நிறுவனம் மூடிய நாளில் இயந்திரமும் சுவரில் வெறும் பெட்டியாகிவிடும்.

கலன்களில் வரும் தண்ணீரை இடையில் சில வாரங்கள் வாங்கினோம். சுவையும் மானி எண்ணும் நன்றாகவே இருந்தன. வெயிலில் லொறித் தட்டில் அடுக்கி வந்த கலன்களைப் பார்த்த பின் குழந்தைக்குக் கொடுக்க மனம் ஒப்பவில்லை. குழாய்நீர் எங்கள் ஒழுங்கைக்கு இல்லை. வடமராட்சி கிழக்கில் தாளையடியில் 2024 ஓகஸ்டில் திறக்கப்பட்ட, நாளொன்றுக்கு 24,000 கனமீற்றர் நீர் தரக்கூடிய நிலையமும் கடல்நீரை இதே மென்சவ்வு முறையில்தான் நன்னீராக்குகிறது. அந்த நீர் கிடைக்கும் வீட்டில் அதன்மேல் இன்னொரு ஆர்.ஓ. இயந்திரத்தைப் பூட்டுவதற்கு நான் காரணம் எதையும் காணவில்லை.

கிருமி விடயத்தில் புற ஊதா விளக்கை மட்டும் நம்பி நான் இருக்கவில்லை. விளக்கு எரிகிறதா என்று வெளியிலிருந்து தெரிவது ஒரு சிறு நீலப் புள்ளி. அது மங்கினாலும் நீர் வந்துகொண்டேயிருக்கும். தாங்கியில் ஓர் இரவு தேங்கிய நீருக்குக் குளோரின் காவலும் இல்லை. ஆகவே பேத்திக்கு இயந்திர நீரைக் கொதிக்க வைத்து ஆற்றித்தான் கொடுத்தோம். அந்த நீரில் கொதிப்பால் செறியுமளவுக்கு நைத்திரேற்று இல்லை. கேத்திலும் இப்போது உள்ளே பளபளவென்று இருக்கிறது.

சென்ற மாரியில் மழை தொடங்கி மூன்றாம் வாரம் கிணற்று நீரைத் திரும்பவும் ஆய்வுகூடத்துக்குக் கொடுத்தேன். கோடையில் தோட்ட மண்ணில் மிஞ்சிக் கிடந்ததை முதல் மழைகள் கரைத்துக்கொண்டு இறங்கியிருக்க வேண்டும். நைத்திரேற்று 83ஆக ஏறியிருந்தது. இயந்திர நீரில் 13. அன்று அக்கா வீட்டுக் கிணற்று நீரையும் ஒரு போத்தலில் கூடவே எடுத்துப் போயிருந்தேன். அவர் வளவைச் சுற்றித் தோட்டம் இல்லை, குழியும் தூரம். கடினத்தன்மை எங்களுடையதைவிடக் கூட, 365. நைத்திரேற்று 22. இயந்திரத்துக்கு முற்பணம் கட்டுவதற்காக எடுத்து வைத்திருந்த காசைத் திரும்பவும் வங்கியில் போட்டுவிட்டார். கொதிக்க வைத்து, மண்பானையில் தெளிய விட்டு, மேல்நீரை மொண்டு குடிக்கிறார்; மாதத்துக்கு ஒருமுறை கேத்திலுக்குத் தேசிக்காய் பிழிகிறார்.